ஹீட் பம்ப், ஏசி மாத்துனவங்க கேட்ட டாக்ஸ் கேள்விகளும் என் பதிலும்

அமெரிக்காவுல வீட்டுக்கு நல்ல ஹீட் பம்ப் (சூடு, குளிர் ரெண்டும் தர்ற மெஷின்), ஏசி, ஜன்னல் போட்டா கிடைச்சுட்டு இருந்த ஃபெடரல் டாக்ஸ் க்ரெடிட் (செலவுல ஒரு பங்கை டாக்ஸ்ல கழிச்சுக்குறது) 2025 டிசம்பர் 31-ஓட முடிஞ்சுபோச்சு. 2022-ல வந்த சட்டம் 2032 வரைக்கும் உண்டுன்னுச்சு, 2025 ஜூலை 4 கையெழுத்தான சட்டம் அதை பாதியிலயே வெட்டிருச்சு. டாக்ஸ் ஃபைல் பண்ணி குடுக்குறவன்ங்கிறதால ஆளாளுக்கு கேக்குறீங்க, வரிசையா சொல்றேன்.

அண்ணா, டிசம்பர் 10-ஆம் தேதியே முழு பணமும் கட்டிட்டேன், ஆளுங்க ஜனவரி 6 தான் வந்து மாட்டுனாங்க. கிடைக்குமா?

கிடைக்காதுப்பா. பணம் கட்டின தேதி கணக்கே இல்ல, மாட்டி முடிச்ச தேதிதான் கணக்கு. இன்வாய்ஸ்ல தேதியை மாத்தி தரேன்னு கான்ட்ராக்டர் சொன்னா தலையாட்டாதீங்க, டவுன்ல பெர்மிட் எடுத்திருந்தா இன்ஸ்பெக்‌ஷன் தேதி அங்க உக்காந்திருக்கும். எங்க வீட்லயே 29-ஆம் தேதி வந்து யூனிட்டை பனிக்குள்ள நிறுத்திட்டு தெர்மோஸ்டாட் வயர் பத்தலன்னு கிளம்பிட்டாங்க, 31 மதியம்தான் வென்ட்ல சூடு காத்து வந்துச்சு, பொண்டாட்டி காபி போட்டுக் குடுத்து அனுப்புனா, நான் தெர்மோஸ்டாட்டை போட்டோ எடுத்து வச்சுக்கிட்டேன்.

2025 அக்டோபர்ல ஹீட் பம்ப் 14,000 டாலர், ஜன்னல் 3,000 டாலர். 30 பர்சன்ட்னா 5,100 வரணும்ல?

வராது சார், ரெண்டுக்கும் உச்சவரம்பு இருக்கு. ஹீட் பம்புக்கு 30 பர்சன்ட் 4,200 ஆனாலும் 2,000-க்கு மேல தரமாட்டாங்க. ஜன்னலுக்கு 600 வரைக்கும், அதுலயும் மாட்டுற கூலி சேராது (ஹீட் பம்புக்கு கூலி சேரும், ஏன் இப்படி பிரிச்சாங்களோ). உங்க 3,000-ல கூலி 1,200-ன்னு வச்சுக்கோங்க, மிச்சம் 1,800-க்கு 540, ஆக மொத்தம் 2,540. ரெண்டுமே அந்த வருஷத்து தகுதி லிஸ்ட்ல இருக்கணும், அதை பாத்துட்டு இந்த க்ரெடிட் கேக்குற ஃபார்ம் 5695 போடுங்க. 2025-க்கு அதை தயாரிச்ச கம்பெனியோட நாலு எழுத்து கோடும் எழுதணும், அதை விட்டுட்டு வர்றவங்கதான் இந்த வருஷம் ஜாஸ்தி. கம்பெனி வெப்சைட்ல பாருங்க, இல்லன்னா மாட்டுனவரை விடாம கேளுங்க.

எனக்கு ரீஃபண்ட் வருது, அப்போ க்ரெடிட் வேஸ்டா?

இல்லம்மா, எல்லாரும் இதுலதான் குழம்புறீங்க. ரீஃபண்ட் வருதாங்கிறதை விடுங்க, அந்த வருஷம் மொத்தமா உங்க டாக்ஸ் எவ்ளோன்னு பாருங்க. டாக்ஸ் 900 தான்னா 2,000 க்ரெடிட்ல 900 தான் பிரயோஜனம், மிச்சம் போச்சு, அடுத்த வருஷத்துக்கு தள்ள முடியாது. சோலார், ஜியோதெர்மல் (பூமிக்கடி சூட்டை எடுக்குற) ஹீட் பம்ப் போட்டவங்க க்ரெடிட் வேற, அதுக்கு உச்சவரம்பு கிடையாது, மிச்சத்தை தள்ளிக்கலாம். ஆனா அதுவும் அதே டிசம்பர் 31-ஓட முடிஞ்சது.

வாடகைக்கு விட்ட வீட்ல மாத்துனேன்?

நீங்க அங்க குடியே இல்லன்னா இது கிடையாது. டிப்ரிசியேஷன்ல (வருஷா வருஷம் தேய்மானமா செலவு எழுதுறது) போட்டுக்கோங்க.

இந்த வருஷம்தான் மாத்தப்போறேன் ப்ரோ, ஒண்ணுமே இல்லையா?

ஃபெடரல் க்ரெடிட் இல்ல. ஆனா அதே 2022 சட்டத்துல ஸ்டேட் மூலமா தர்ற ரிபேட் (தள்ளுபடி) தனி, அதை 2025 சட்டம் தொடல. ஹீட் பம்புக்கு 8,000 டாலர் வரைக்கும் உண்டு, ஆனா குடும்ப வருமானம் உங்க ஏரியாவோட நடு வருமானத்துல (மீடியன்) 150 பர்சன்ட்டை தாண்டக்கூடாது, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஐடியில இருக்குற வீட்டுக்கு பெரும்பாலும் எட்டாது. எல்லா ஸ்டேட்லயும் ஒரே மாதிரி இல்ல, மாட்டுறதுக்கு முன்னாடியே உங்க ஸ்டேட் எனர்ஜி ஆபீஸ்ல கேட்டுக்கோங்க. கரண்ட் கம்பெனி தர்ற ரிபேட்டும் சில ஊர்ல இருக்கு, அதையும் ஒரு போன் போட்டு பாருங்க.

2023-ல மாட்டுனேன், கிளெய்ம் பண்ண மறந்தே போச்சு.

கவலைப்படாதீங்க, அந்த வருஷத்தை டைமுக்கு ஃபைல் பண்ணிருந்தா 2027 ஏப்ரல் 15 வரைக்கும் 1040-எக்ஸ் போட்டு திருத்தலாம். அந்த நாலு எழுத்து கோடும் 2023-க்கு வேண்டாம், மாடல் நம்பரோட இன்வாய்ஸை மட்டும் தேடி எடுத்து வைங்க.