கேஸ் அடுப்பு வேலைக்கு யாரைக் கூப்பிடலாம்?

கேள்வி: எங்கள் வீடு கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறது. கேஸ் இணைப்பு என் மாமனார் பெயரில் பொள்ளாச்சிப் பக்கத்து முகவரியில் உள்ளது; சிலிண்டரைக் கோபாலபுரம் வழியாக நாங்களே கொண்டுவருகிறோம். சென்ற மாதம் இரண்டு பேர் பையும் ஸ்பேனருமாக வந்தார்கள். 'கம்பெனி செக்கிங், கட்டாயம்' என்று சொல்லி டியூபையும் ரெகுலேட்டரையும் மாற்றிவிட்டு 1,800 ரூபாய் வாங்கிப் போனார்கள். என் மகன் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். அங்கே அட்டை இல்லாத ஆள் கேஸ் வேலையைத் தொட முடியாது என்கிறான். நம் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லையா?

பதில்: மகன் சொல்வது சரி. பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டின் விதிகளின்படி, பதிவு பெற்றவர் மட்டுமே கூலிக்குக் கேஸ் வேலை செய்யலாம். அந்தப் பதிவேட்டுக்கு 'கேஸ் சேஃப் ரெஜிஸ்டர்' என்று பெயர். 'கார்கி' என்ற பழைய அமைப்புக்குப் பதிலாக 2009 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வருபவரின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால், அடுப்பா, பாய்லரா, எந்தெந்த வேலைக்கு அவர் தகுதி பெற்றவர் என்பது பின்பக்கத்தில் இருக்கும்.

அப்படி ஆள் ஆளாகப் பெயர் பதியும் அரசுப் பதிவேடு இங்கே இல்லை. இங்கே பொறுப்பு எண்ணெய் நிறுவனத்தின் மீதும் அதன் ஏஜென்சியின் மீதும் இருக்கிறது. அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின் கீழ் 2000-ஆம் ஆண்டில் வந்த எல்.பி.ஜி. வழங்கல் ஆணையும், வெடிபொருள் சட்டத்தின் கீழ் 2016-இல் வந்த கேஸ் சிலிண்டர் விதிகளும் இதற்கு அடிப்படை. ஆகவே நம் ஊரில் 'அட்டை எங்கே' என்று கேட்பதோடு, 'இந்தப் பாகத்துக்கு யார் பொறுப்பு' என்றும் கேட்க வேண்டும்.

சிலிண்டரும் அதன் வால்வும் ரெகுலேட்டரும் நீங்கள் டெபாசிட் கட்டி வைத்திருக்கும் நிறுவனத்தின் பொருள்கள். அவற்றில் ஏஜென்சி ஆளைத் தவிர வேறு யாரும் கை வைக்க வேண்டியதில்லை. ரெகுலேட்டர் கெட்டால் கேஸ் புத்தகத்தோடு ஏஜென்சிக்கு எடுத்துச் சென்று மாற்றிக்கொள்ள வேண்டும்; வாசலில் வந்து அதை விலைக்குக் கொடுக்கிறவர் நிறுவனத்தின் ஆளாக இருக்க வழியில்லை. டியூப் உங்கள் செலவு. அதையும் ஏஜென்சியிலேயே வாங்குவது நல்லது. ஆரஞ்சு நிறத்தில், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 9573 என்ற எண்ணும், தயாரித்த மாதமும் ஆண்டும் டியூபின் மேலேயே அச்சாகியிருக்கும். அந்தத் தேதியிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் அதை மாற்றிவிட வேண்டும். அடுப்பு முழுவதும் உங்களுடையது. பர்னரைக் கழற்றித் துடைப்பதற்கு உரிமம் வேண்டியதில்லை. ஆனால் திருகு இறுகினாலோ, உள்ளே கசிந்தாலோ, தயாரித்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரையோ ஏஜென்சி மெக்கானிக்கையோ மட்டும் அழையுங்கள்.

கட்டாயச் சோதனை என்பது உண்மையிலேயே ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை உண்டு. அதற்கு வரும் மெக்கானிக்கிடம் ஏஜென்சியின் அடையாள அட்டை இருக்கும். உங்கள் நுகர்வோர் எண் அவர் கையிலுள்ள தாளில் முன்பே இருக்கும். சோதனை முடிந்ததும் படிவத்தில் கையெழுத்து வாங்கி, ஏஜென்சி பெயரில் ரசீது தருவார். உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் யார் என்பதற்கு உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: இணைப்பு பொள்ளாச்சி முகவரியில் இருக்கும்போது, உண்மையான மெக்கானிக் அந்த முகவரிக்குப் போவாரே தவிர கொழிஞ்சாம்பாறையில் உங்கள் கதவைத் தட்ட மாட்டார்.

இதைவிட எனக்குக் கவலை தருவது அந்த முகவரிதான். எல்லையோரத்தில் எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் செய்கின்றன. அந்தப் பக்கம் ஏஜென்சி அருகில் இருக்கிறது, பேச்சும் தமிழில் முடிந்துவிடுகிறது என்பது காரணம். ஆனால் எண்ணெய் நிறுவனங்கள் நமக்காக எடுத்துவைத்திருக்கும் காப்பீட்டைப் பாருங்கள். கேஸ் விபத்தில் உயிரிழப்புக்கு நபருக்கு 6 லட்சம் ரூபாய், மருத்துவச் செலவுக்கு நபருக்கு 2 லட்சம் வரை (ஒரு விபத்துக்கு மொத்தம் 30 லட்சத்துக்குள்), பொருள் சேதத்துக்கு 2 லட்சம் வரை. இதற்கு நாம் தனியாகப் பிரீமியம் கட்டுவதில்லை. இதில் பொருள் சேதத்துக்கான தொகை, இணைப்புப் பதிவாகியிருக்கும் முகவரியில் நேர்ந்த சேதத்துக்கு மட்டுமே. உங்கள் சமையலறை எரிந்தால் பொள்ளாச்சி முகவரியைக் காட்டி அதைக் கேட்க முடியாது.

இப்போது செய்ய வேண்டியது: அவர்கள் மாட்டிய ரெகுலேட்டரை இன்றே கழற்றி, சிலிண்டருக்கு மூடி போட்டுவிடுங்கள். பழைய ரெகுலேட்டரை அவர்களே எடுத்துப் போயிருந்தால், அது நிறுவனத்தின் பொருள் என்பதைக் குறிப்பிட்டு உள்ளூர் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகலை ஏஜென்சியில் காட்டுங்கள். பிறகு மாமனாரைக் கொண்டு அங்குள்ள சிலிண்டரை ஒப்படைத்து, டெபாசிட்டையும் இணைப்பை முடித்ததற்கான சீட்டையும் பெற்றுக்கொண்டு, கொழிஞ்சாம்பாறைக்குச் சிலிண்டர் தரும் ஏஜென்சியில் உங்கள் முகவரிக்கு இணைப்பு எடுங்கள். புது இணைப்போடு அடுப்பும் வாங்கியே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடலாம், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள உங்கள் அடுப்பே போதும். படிவமும் ரசீதும் மலையாளத்தில் இருந்தால், எழுதியிருப்பதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்துப் போடுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

கேள்வி: நான் வேலந்தாவளத்தில் இருக்கிறேன். கோயம்புத்தூரில் ஒரு கேஸ் கீசர் வாங்கினேன். எங்கள் பிளம்பர் அதைக் குளியலறைக்குள் மாட்டி, அடுப்புக்குப் போகும் டியூபை வெட்டி நடுவில் ஒரு 'டீ' (மூன்று வாய் உள்ள இணைப்பு) வைத்து இணைப்புக் கொடுத்தார். குளிக்கும்போது அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது. கேஸ் வாடை எதுவும் இல்லை. கடைக்காரர், 'மாட்டினவரைக் கேளுங்கள்' என்கிறார். யார் மீது வழக்குப் போடலாம்?

பதில்: வழக்கு பிறகு, முதலில் கீசரை நிறுத்துங்கள். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். வாடை இல்லை என்பதை வைத்து ஆறுதல் அடையாதீர்கள். சிலிண்டர் கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரிவதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைக் கலக்கிறார்கள். ஆனால் மூடிய அறையில் காற்றுப் போதாமல் கேஸ் எரிந்தால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. தலைவலியும் தலைச்சுற்றலும்தான் அதன் முதல் அடையாளங்கள். அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, கீசர் விவரத்தையும் சொல்லுங்கள்.

பிளம்பர் தண்ணீர்க் குழாய்க்கு உரியவர். கேஸ் பக்கம் அவர் வேலை இல்லை. டியூபை வெட்டி ஒட்டுப் போடுவது பாதுகாப்பு விதிமுறைக்கு முரணானது. ஏஜென்சி மெக்கானிக் பார்த்தால் முதலில் அதைத்தான் கழற்றச் சொல்வார். கீசரைக் காற்றோட்டமுள்ள வெளிப்புறச் சுவரில், தயாரித்த நிறுவனத்தின் ஆளைக் கொண்டு மாட்டுங்கள். சுடுதண்ணீர்க் குழாய் மட்டும் உள்ளே வந்தால் போதும்.

வழக்கைப் பொறுத்தவரை, பில்லை எடுத்துப் பாருங்கள். பொருத்தித் தருவதும் விலையில் அடக்கம் என்று அதில் இருந்தால், கடைக்காரர் தட்டிக்கழிக்க முடியாது. குளியலறைக்குள் மாட்டக் கூடாது என்ற எச்சரிக்கை பெட்டியிலும் கையேட்டிலும் இல்லாவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தயாரிப்பாளரும் பதில் சொல்ல வேண்டும். எச்சரிக்கை தெளிவாக இருந்து, பிளம்பரை நீங்களே அழைத்திருந்தால், கடைமீது உங்கள் வழக்கு பலவீனமானதுதான். அப்போது சேவைக் குறைபாடு என்று பிளம்பரிடம் மட்டுமே கேட்க முடியும். கோயம்புத்தூரில் வாங்கியதற்காக அங்கே அலைய வேண்டியதில்லை. நுகர்வோர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கச் சட்டம் இடம் தருவதால் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். பல கடைகள் அந்த அழைப்புக்கே இறங்கி வந்துவிடுகின்றன.

கேள்வி: சந்தைப் பக்கம் ஒரு கடையில் பெரிய சிலிண்டரிலிருந்து சின்ன அடுப்புக்குக் கேஸ் ஏற்றித் தருகிறார்கள். தோட்ட வேலைக்கு வந்து தங்கியிருக்கும் எங்களுக்கு இது வசதியாக இருக்கிறது. தவறா?

பதில்: தவறுதான். 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரிலிருந்து வேறொன்றுக்குக் கேஸ் மாற்றுவதை முதல் பதிலில் சொன்ன எல்.பி.ஜி. ஆணையும் சிலிண்டர் விதிகளும் தடுக்கின்றன. காற்றைவிடக் கனமான இந்தக் கேஸ், ஏற்றும்போது சிந்தினால் கடையின் தரையோடு பரவி, பக்கத்து டீக்கடை அடுப்பு வரை போய்ச் சேரும். எண்ணெய் நிறுவனங்களே 5 கிலோ சிலிண்டரை முகவரிச் சான்று கேட்காமல் அடையாள அட்டையை மட்டும் பார்த்துத் தருகின்றன. ஏஜென்சியிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கும். கிலோவுக்கு விலை கூடுதலாக இருக்கும். எந்தச் சிலிண்டராக இருந்தாலும் கசிவு என்று சந்தேகம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 எண்ணை அழையுங்கள், இரவிலும் எடுப்பார்கள்.