வெளியூரில் இருக்கும் துணைத் தூதருக்கு என்ன வேலை?

தலைநகரில் தூதரகம் இருக்கும்போது, வேறோர் ஊரில் துணைத் தூதர் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். தூதர் அரசோடு பேசுபவர். துணைத் தூதரோ பெரும்பாலும் மனிதர்களோடும் அவர்களுடைய ஆவணங்களோடும் புழங்குபவர். கடவுச்சீட்டு, விசா, பிறப்பு இறப்புப் பதிவு, சான்றொப்பம், வணிக உறவை வளர்த்தல் முதலிய பணிகளை துணைத் தூதரக உறவுகள் பற்றிய 1963-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 5-ஆம் பிரிவு வகுத்திருக்கிறது.

என் பார்வையில் இவற்றைவிட முக்கியமானது 36-ஆம் பிரிவு. வெளிநாட்டவர் ஒருவர் கைதானால், அவர் கேட்டுக்கொள்ளும் பட்சத்தில், அவருடைய நாட்டுத் துணைத் தூதரகத்துக்குக் காவல் துறையினர் தாமதமின்றித் தகவல் தர வேண்டும். துணைத் தூதர் சிறைக்கே சென்று அவரைச் சந்தித்துப் பேசலாம், வழக்கறிஞரை ஏற்பாடு செய்யலாம். ஆனால், அவரை விடுவிக்கும்படி உத்தரவிட முடியாது. உதவி கேட்டு வரும் உறவினர்கள் பலர் ஏமாற்றமடைவது இந்த இடத்தில்தான். ஒருவர் அயல்நாட்டில் இறந்துவிட்டால், உடலை ஊருக்கு அனுப்புவதற்கான தாள்களும் பொதுவாக இவருடைய மேசையைத் தாண்டித்தான் போகும்.

கௌரவத் துணைத் தூதர் என்றொரு வகையும் உண்டு. பல இடங்களில் அவ்வூரிலேயே தொழில் செய்யும் ஒருவர் அப்பொறுப்பை ஏற்கிறார். அவருக்குரிய சலுகைகள் குறைவுதான் என்றாலும், எந்த மருத்துவமனையில் யாரை அணுகுவது என்பது அவருக்கே நன்றாகத் தெரியும்.