பருத்தி பனியன் யூனிட் பாலியஸ்டருக்கு மாறலாமா?

கேள்வி: திருப்பூரில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பருத்தி டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கும் யூனிட் நடத்துகிறேன். ஓவர்லாக், ஃபிளாட்லாக் உட்பட 40 தையல் மெஷின்கள் உள்ளன. கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் எங்களிடமே நடக்கின்றன. நிட்டிங்கும் சாயமும் வெளியில் ஜாப் ஒர்க்காகக் கொடுக்கிறோம். சில பருவங்களாக ஆர்டர் சுருங்கிவருகிறது. பாலியஸ்டர் விளையாட்டு உடைகளுக்குத் தயாரானால் ஆண்டு முழுவதும் வேலை தருவதாக எங்கள் பையிங் ஏஜென்ட் சொல்கிறார். பாலியஸ்டர் சாயமிடும் மெஷினும் புதிய தையல் மெஷின்களும் வாங்க ஒன்றரைக் கோடி ரூபாய்க் கடனுக்கு வங்கியில் பேசியிருக்கிறோம். மகன் உடனே மாற வேண்டும் என்கிறான். கூட்டாளியான மைத்துனர் பருத்தியை விடவே கூடாது என்கிறார். எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்: உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பாலியஸ்டர் துணியைத் தரமாகவும் கட்டுப்படியாகும் வேகத்திலும் தைக்க உங்கள் யூனிட்டால் கற்றுக்கொள்ள முடியுமா என்பது ஒன்று. கடன் வாங்கிச் சாய மெஷின் இறக்கலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு, இருக்கிற 40 மெஷின்களில் பத்தை மட்டும் ஒதுக்கி மூன்று மாதங்களில் விடை கண்டுவிடலாம். சரிவராவிட்டால் ஊசியையும் தையல் நூலையும் மாற்றிப் பருத்திக்கே திரும்பிவிடலாம். இரண்டாவதில் கையெழுத்திட்ட பிறகு அப்படித் திரும்ப முடியாது, ஏனென்றால் ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் மாதத் தவணை வந்து நிற்கும். முதல் கேள்விக்கு விடை தெரியும்வரை இரண்டாவதைத் தொடவே வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஏன் என்பதையும், அந்த மூன்று மாதங்களை எப்படிப் பயன்படுத்துவது என்பதையும் விளக்குகிறேன்.

முதலில் மகனும் மைத்துனரும் சொல்வதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று பார்ப்போம். உலகில் உற்பத்தியாகும் இழைகளில் இன்று பாலியஸ்டர் மட்டும் பாதிக்கும் மேல். பருத்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். விளையாட்டு உடை, உடற்பயிற்சி உடை ஆகியவற்றில் பருத்தி இழந்த இடம் இனித் திரும்பி வரும் என்று எதிர்பார்க்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. மூலப்பொருளைப் பொறுத்தும் ஒரு தடை நீங்கியிருக்கிறது: 2025 செப்டம்பர் 22 முதல் செயற்கை இழைக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்தும், செயற்கை நூலுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்தும் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டுள்ளது. ஆகவே மகன் காட்டும் திசை தவறானதல்ல.

மைத்துனரின் தயக்கத்தையும் வெறும் பழக்க தோஷம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2022-இல் பருத்தி ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோதும் பாலியஸ்டருக்கு மாறிவிடலாம் என்ற பேச்சு பரவலாக எழுந்தது. விலை இறங்கியதும் அது அடங்கியது. விலை ஏறியிருக்கும்போது எடுக்கும் முடிவையும், சந்தை மாறுவதைப் பார்த்து எடுக்கும் முடிவையும் நாம் அடிக்கடி ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். அதைவிட முக்கியமாக, ஏற்றுமதியில் எந்த நாட்டுக்குப் போகிறது என்பதைப் பொறுத்து கணக்கே தலைகீழாகும். அமெரிக்காவில் பருத்தி டி-ஷர்ட்டுக்கான அடிப்படைச் சுங்க வரி 16.5 சதவீதம், செயற்கை இழை டி-ஷர்ட்டுக்கு 32 சதவீதம். அவ்வப்போது விதிக்கப்படும் கூடுதல் வரிகள் இதற்கு மேல் தனி. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வரியோ இரண்டுக்குமே 12 சதவீதம். பிரிட்டனுடன் 2025 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தம் ஆடைகள் மீதான வரியை நீக்க வழிசெய்கிறது. ஏஜென்ட் சொல்லும் வேலை எந்த நாட்டுக்கானது என்று நீங்கள் குறிப்பிடவில்லை. அதைக் கேட்காமல் அவர் தரும் விலை நிலைக்குமா என்று கணிக்க முடியாது.

இனிச் சாயத்துக்கு வருகிறேன். பருத்தித் துணியை ரியாக்டிவ் சாயத்தில் ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸில், உப்பும் சோடாவும் சேர்த்துச் சாயமிடுகிறோம். பாலியஸ்டர் இழை அந்தச் சூட்டில் சாயத்தை உள்ளே விடாது. டிஸ்பர்ஸ் சாயத்தை அதற்குள் ஏற்ற, நீரை 130 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். நீர் கொதித்துவிடாமல் அழுத்தத்தில் வைத்திருக்கும் மூடிய மெஷின் இதற்குத் தேவை. அதோடு முடிவதில்லை. மேலே ஒட்டிய சாயத்தைக் காஸ்டிக்கும் ஹைட்ரோஸும் போட்டு நீக்க வேண்டும். பிறகு துணியின் அளவு நிலைக்க, அதை விரித்துப் பிடித்து ஓட்டும் ஸ்டென்டர் மெஷினில் உயர்ந்த சூட்டில் ஓட்ட வேண்டும். அதாவது சாய மெஷினை மட்டும் வாங்கிப் பயனில்லை. பாய்லர், ஸ்டென்டர், நிறம் பொருத்தும் ஆய்வகம், அனுபவமுள்ள டையிங் மாஸ்டர், இவையெல்லாவற்றுக்கும் மேலாகக் கழிவுநீருக்கான ஏற்பாடு என்று ஒரு தனித் தொழிலையே தொடங்க வேண்டியிருக்கும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, சொந்தமாகச் சாயமிடாத யூனிட்டுகள்கூட எப்படித் தவித்தன என்று உங்கள் தலைமுறைக்குச் சொல்ல வேண்டியதில்லை. கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையோடு இயங்கும் ஊரில், தையலில் மட்டும் தேர்ச்சி பெற்ற ஒருவர் சாயத்தில் முதன்முறையாக இறங்குவது என் பார்வையில் ஏற்கத்தக்க துணிச்சல் அல்ல. சாயமிட்டு ஸ்டென்டர் முடித்த பாலியஸ்டர் துணியைச் சூரத்திலிருந்தும் லூதியானாவிலிருந்தும் வாங்கலாம். ஒவ்வொரு வேலைக்கும் வெளியில் ஆள் கிடைப்பதுதான் திருப்பூரின் பெரும் பலம். அந்தப் பலத்தைக் கைவிட்டு எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் கொண்டுவர இப்போது என்ன அவசரம்?

அரசின் உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டத்தை நம்பி முதலீடு செய்யலாமா என்ற எண்ணமும் உங்களுக்கு இருக்கக்கூடும். 10,683 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் 2021-இல் வந்த அந்தத் திட்டம் செயற்கை இழை ஆடைகளுக்கானதுதான். ஆனால் அதில் சேரக் குறைந்தபட்ச முதலீடே 100 கோடி ரூபாய் என்றுதான் தொடங்கியது. வரம்பைத் தளர்த்திய பிறகும் அது உங்கள் அளவு யூனிட்டுக்கு எட்டாத உயரத்திலேயே இருக்கிறது.

ஆகவே நீங்கள் கற்க வேண்டியது தையல் மேசையில்தான் இருக்கிறது. அங்கேயே கற்க நிறைய இருக்கிறது. லைக்ரா கலந்த துணியை உருளையிலிருந்து பிரித்தவுடன் வெட்டினால், இழுபட்டிருந்த துணி பிறகு சுருங்கி அளவு குறையும். பிரித்து விரித்து ஒரு நாளாவது ஓய்வில் விட வேண்டும். பருத்தியில் அடுக்கும் உயரத்துக்கே பாலியஸ்டரை அடுக்கி வெட்டினால் கத்தியின் சூட்டில் விளிம்புகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தைக்கும்போதும் இதே சிக்கல்தான்: மெஷின் வேகத்தில் சூடாகும் ஊசி இழையை உருக்கித் துளையிட்டுவிடும். நுனி உருண்டையான மெல்லிய ஊசி, அடிப்பக்க நூலைக் கோக்கும் லூப்பருக்கு நீளும் தன்மையுள்ள டெக்ஸ்சர்டு நூல், சற்றுக் குறைத்த வேகம் ஆகியவை வேண்டும். துணி நீளும் அளவுக்குத் தையலும் நீளாவிட்டால், போட்டுப் பார்ப்பவர் கையைத் தூக்கியதும் அக்குளில் நூல் அறும். அயர்னிங்கில் பருத்திக்குப் பழகிய சூட்டை வைத்தால் துணியில் பளபளப்புத் தடம் விழும்.

பலர் கவனிக்காத இன்னொரு விஷயம் பஞ்சு. பாலியஸ்டரில் நிலைமின்சாரம் உண்டாவதால் காற்றில் பறக்கும் பருத்தித் தூசை அது இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். கறுப்பு ஜெர்சியின் மேல் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் செக்கிங் பெண்கள் நாள் முழுவதும் அதை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஒதுக்கும் பத்து மெஷின்களைத் தடுப்பு போட்ட தனி அறையில் வைத்தாலே இந்தச் செலவின் பெரும்பகுதி மிச்சமாகும்.

பிரிண்டிங் பற்றியும் எச்சரிக்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஆலோசனை சொல்லிவந்த ஒரு யூனிட், பருத்திக்குப் பயன்படுத்திய அதே மையில் சிவப்பு பாலியஸ்டர் மேல் வெள்ளை எண்களை அச்சிட்டது. பேக்கிங் செய்யும்போது வெள்ளையாகவே இருந்த எண்கள், சரக்கு சேர்ந்தபோது இளஞ்சிவப்பாக மாறியிருந்தன. மையைக் காயவைக்கும் சூட்டில் டிஸ்பர்ஸ் சாயம் இழையிலிருந்து கிளம்பி மைக்குள் ஏறும் என்பதை அங்கே யாரும், நான் உட்பட, முன்கூட்டி யோசிக்கவில்லை. சாயம் ஊடுருவாமல் தடுக்கும் அடிப்பூச்சும் குறைந்த சூட்டில் காயும் மையும் உண்டு. ஆனாலும் முதல் லாட்டில் பிரிண்ட் உள்ள மாடலை ஏற்காதிருப்பதே நல்லது. ஒரே நேரத்தில் இரண்டு புதிய வேலைகளைக் கற்கும்போது, பழுது எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

இந்தச் செய்திகளை நான் எழுதிவிடலாம், நீங்களும் படித்துவிடலாம். அவை உங்கள் யூனிட்டின் அறிவாக மாறுவது டெய்லர், கட்டிங் மாஸ்டர், மெக்கானிக், செக்கிங் பெண்கள் ஆகியோர் கையில்தான் இருக்கிறது. அதற்கு மிகப் பெரிய தடை பீஸ் ரேட். பழகாத துணியில் முதல் வாரங்களில் பாதி வேகம்தான் வரும். அப்போது பீஸ் கணக்கில் கூலி கொடுத்தால், கற்றுக்கொள்வதன் செலவு முழுவதையும் டெய்லரின் தலையில் கட்டுகிறோம். அவர் வேகத்தை விடமாட்டார், பழுதை மறைப்பார், அல்லது பக்கத்து யூனிட்டுக்குப் போய்விடுவார். இவற்றில் எதற்கும் அவரைக் குறை சொல்ல முடியாது. சோதனை லைனுக்கு மட்டுமாவது ஷிப்ட் கூலி கொடுங்கள். பருத்தியில் அவர் வழக்கமாகச் சம்பாதிப்பதைவிட அது குறையக் கூடாது. பழுதைத் தானாக முன்வந்து காட்டுபவரைத் திட்டாத சூப்பர்வைசரை அந்த லைனுக்குப் போடுங்கள். ஒரு நோட்டில் தினமும் எந்த மெஷின், எந்த ஊசி, எந்த நூல், எத்தனை நல்ல பீஸ், எத்தனை பிரித்துத் தைத்தது, ஏன் என்று எழுதச் செய்யுங்கள். சனிக்கிழமை கூலி கொடுக்கும் முன் அரை மணி நேரம் அந்த நோட்டை எல்லோர் முன்னிலையிலும் படித்து, அடுத்த வாரம் எந்த ஒன்றை மாற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்யுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம் போதும்.

எந்த அளவை எட்டினால் தொடரலாம் என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும். ஒரு கணக்கை உதாரணமாகக் காட்டுகிறேன். உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். பத்து மெஷின் லைனுக்கு ஒரு ஷிப்டில் கூலி, மின்சாரம், வாடகை, மேற்பார்வை எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய் ஆவதாக வைத்துக்கொள்வோம். பருத்தியில் 600 பீஸ் முடித்தால் பீஸுக்கு 25 ரூபாய் அடக்கம். பாலியஸ்டரில் முதலில் 300 பீஸ்தான் வந்தால் அடக்கம் 50 ரூபாய். ஏஜென்ட் பீஸுக்கு 32 ரூபாய் தையல் கூலி தருவதானால், ஷிப்டுக்கு ஏறக்குறைய 470 நல்ல பீஸ் வரும்போதுதான் கைநட்டம் நிற்கும். நல்ல பீஸ் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பிரித்துத் தைத்ததை இரண்டு முறை எண்ணிவிடக் கூடாது. 300-லிருந்து 470-ஐ எட்டும்வரை விழும் நட்டத்தைக் கூட்டினால் வருவதுதான் நீங்கள் கற்பதற்குக் கொடுக்கும் கட்டணம். அதற்கு ஓர் உச்சவரம்பு வைத்து, கடனில் அல்லாமல் கையிருப்பிலிருந்து ஒதுக்குங்கள்.

மகனும் மைத்துனரும் மோதிக்கொள்ளும் இடமும் இதுதான். விவாதத்தில் ஒருவர் மற்றவரை வெல்ல வைப்பதற்குப் பதிலாக, எந்த முடிவைக் கண்டால் தன் கருத்தை மாற்றிக்கொள்வேன் என்று இருவரும் தனித்தனியே ஒரு தாளில் எழுதட்டும். எட்டாவது வாரத்திலும் 400-ஐத் தாண்டாவிட்டால் நிறுத்திவிடலாம் என்று மகன் எழுதலாம். பத்தாவது வாரத்துக்குள் 470-ஐ எட்டி, ஏஜென்ட் இரண்டாவது ஆர்டரும் கொடுத்துவிட்டால் இன்னும் பத்து மெஷின்களை மாற்றச் சம்மதம் என்று மைத்துனர் எழுதலாம். இரண்டு தாள்களிலும் மூவரும் கையெழுத்திட்டுக் கணக்குப் புத்தகத்தோடு வைத்துவிடுங்கள். சோதனை லைனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மகனிடமும், அந்த நோட்டைச் சரிபார்க்கும் பொறுப்பை மைத்துனரிடமும் கொடுப்பது பொருத்தமாக இருக்கும். நம்பிக்கை உள்ளவர் உழைப்பார், சந்தேகம் உள்ளவர் எண்களைக் கூர்ந்து பார்ப்பார்.

கடைசியாக ஏஜென்ட். ஆண்டு முழுவதும் வேலை என்று வாய்மொழியாகச் சொல்வதற்கும் ஆர்டருக்கும் உள்ள தூரம் உங்களுக்குத் தெரிந்ததே. சரக்கு எந்த நாட்டுக்குப் போகிறது, துணியில் பாலியஸ்டரும் லைக்ராவும் எத்தனை சதவீதம், துணியை அவர் தருவாரா நீங்கள் வாங்க வேண்டுமா, எந்தெந்தச் சோதனைகளில் தேற வேண்டும், பணம் எத்தனை நாளில் வரும் ஆகிய ஐந்தையும் எழுத்தில் கேளுங்கள். முதல் லாட்டாக ஒரே நிறத்தில், பிரிண்ட் இல்லாத எளிய மாடலில் 500 பீஸ் கேளுங்கள். துணியை அவரே தந்தால் இன்னும் நல்லது. தைத்த பீஸ்களில் சிலவற்றைக் கோயம்புத்தூரில் உள்ள சிட்ரா போன்ற ஆய்வகத்தில் கொடுத்து, சாய உறுதி, உரசலில் துணிமேல் சிறு உருண்டைகள் எழுகின்றனவா என்பது (பில்லிங்), வெடிப்பு வலிமை ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஐந்து கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் தர ஏஜென்ட் தயங்கினால், சோதனை லைனுக்கு வேறு ஏஜென்டிடமிருந்தோ உள்நாட்டு விளையாட்டு உடை வியாபாரியிடமிருந்தோ சிறிய ஆர்டர் தேடுங்கள். வங்கி மேலாளரிடம் மூன்று மாதம் அவகாசம் கேட்டுவிடுங்கள். பத்து வார உற்பத்திக் கணக்கோடு திரும்பிப் போகும்போது, உங்களுக்குத் தேவைப்படும் தொகை ஒன்றரைக் கோடியைவிட மிகக் குறைவாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.