முன்பாரம் எங்கே? பைபர் ட்ரெயிலர் கேள்வி-பதில்

பைபர் ட்ரெயிலர் (வாகனத்தின் பின்னால் இழுத்துப் போய் உள்ளே படுத்துச் சமைக்கும் கூடு) பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: "அண்ணன், என்ட ட்ரெயிலரை என்ட வாகனம் இழுக்குமா?" என்ன வாகனம், எத்தனை அடி ட்ரெயிலர், எத்தனை கிலோ, ஒன்றும் இல்லை. டொக்டரிடம் போய் "எனக்கு வருத்தம், மருந்து தாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கிற மாதிரி. எடை எழுதாத கடிதங்களை ஓரமாக வைத்திருக்கிறேன். கிட்டடியில் இருக்கும் அரிசி ஆலையில் நிறுத்துவிட்டு மறுகா எழுதுங்கள்.

கல்முனை: வாகன்ஆர் கார், 660 சிசி. 13 அடி பைபர் ட்ரெயிலரை அறுகம்பே வரை மட்டும் இழுக்கலாமா? மெதுவாகத்தான் போவேன்.

இழுக்க வேண்டாம். 13 அடிக் கூடு வெறுமனே 450 கிலோ வரும். கட்டில், காஸ், தண்ணீர், சட்டிபானை ஏற்றினால் 650ஐத் தொடும். உங்கள் காரே ஏறக்குறைய 800 கிலோதான். மெதுவாகப் போனாலும் அந்த சிவிடி கியர்பெட்டியின் எண்ணெய் கொதிக்கும். கியர்பெட்டி மாற்றுகிற காசுக்கு அறுகம்பேயில் ஒரு மாதம் அறை எடுத்துத் தங்கலாம்.

செங்கலடி: ஓட்டோவில் சின்ன ட்ரெயிலர்?

ஒண்ணாது.

அக்கரைப்பற்று: ஹைஏஸ் வானில் 14 அடி ட்ரெயிலர், சாமானோடு 700 கிலோ. 60ஐத் தாண்டினால் வால் ஆடுகிறது. ஆடும்போது வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்று சிநேகிதர் ஒருவர் சொல்கிறார். ட்ரெயிலரின் பின்பக்கம் 80 லீட்டர் தண்ணீர்த் தாங்கியும் இரண்டு சைக்கிளும் இருக்கிறது. ஆட்டத்தை நிறுத்தும் கம்பி விற்கிறார்களாமே, வாங்கவா?

எடை எழுதியதற்கு முதலில் நன்றி. அடுத்தது, அந்தச் சிநேகிதரை இனி வானில் ஏற்றாதீர்கள்.

உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. 80 லீட்டர் என்றால் 80 கிலோ. இரண்டு சைக்கிளோடு 110 கிலோ, அவ்வளவும் அக்சிலுக்குப் பின்னால். முன்பாரம் எங்கே?

நம்முடைய மூத்தப்பாமாருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வண்டிலில் நெல் ஏற்றும்போது ஒருவர் முன்னால் நின்று நுகத்தைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். பின்பாரம் என்றால் நுகம் மேலே எழும்பிக் கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்பாரம் அளவுக்கு மிஞ்சினால் மாடு முழங்கால் போடும். நுகம் கழுத்தில் அமர்ந்திருக்கிற அளவுக்குக் கொஞ்சம் முன்பாரம், அதுதான் அவர்கள் கணக்கு. இன்றைக்கும் லேண்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு மெசின்) பெட்டிக்காரன் மூட்டையைப் பின்னால் அடுக்கமாட்டான். அடுக்கினால் கைபிடி அவனையும் தூக்கிக்கொண்டு மேலே போகும். வான் வைத்திருப்பவருக்குத்தான் இந்தப் புத்தி வருவதில்லை. வான் கனமானது, பின்பாரத்தை வீட்டு வாசலில் வைத்துக் காட்டிக்கொடுக்காது. 60இல் போகும்போதுதான் காட்டும்.

கணக்கு இதுதான்: மொத்த எடையில் 10 முதல் 15 வீதம் கொக்கியில் அழுந்த வேண்டும். 700 கிலோவுக்கு 70இலிருந்து 105 கிலோ. அளப்பதற்கு மெசின் ஒன்றும் வேண்டாம். நெல் மூட்டை நிறுக்கும் தராசைச் சமதரையில் வையுங்கள், ஒரு மரக்குற்றியை நிறுத்தி அதன்மேல் ட்ரெயிலரின் மூக்கை இறக்குங்கள். வானில் மாட்டியிருக்கும்போது மூக்கு எந்த உயரமோ அதே உயரத்தில் நிற்கவேண்டும். அப்போது தராசு காட்டுவதுதான் முன்பாரம் (குற்றியின் எடையைக் கழிக்க மறக்க வேண்டாம்). உங்களுடையது 30ஐத் தாண்டினால் எனக்கு ஆச்சரியம்.

நம்முடைய பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புக்கு ஏ4, அங்கிருந்து வடக்கே வாகரை தாண்டி ஏ15, இரண்டும் கரையோரமாகத் தெற்கு வடக்காக ஓடுகிற வீதிகள். கச்சான் காற்று மேற்கிலிருந்து வயலையும் வாவியையும் தாண்டி நேரே விலாவில் அடிக்கும். பைபர் கூடு பாரம் குறைவு, உடம்பு பெரிது. முன்பாரம் உள்ள ட்ரெயிலர் ஒரு தள்ளு வாங்கிவிட்டுத் தானாக நேராகும். பின்பாரம் உள்ளது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் கூடக் கூட ஆடி, கடைசியில் வானையும் சுழற்றிவிடும்.

கோமாரிக்கும் பொத்துவிலுக்கும் நடுவில் ஓர் ஆடி மாதம், நானே செய்துகொடுத்த கூடு ஒன்று சரிந்து கிடந்ததைப் போய்ப் பார்த்தேன். பைபரில் ஒரு கீறலும் இல்லை. முன்கம்பி மட்டும் முறுக்குப் பிழிந்த மாதிரி. உள்ளே சீனி டின் திறந்து மெத்தை முழுக்கச் சீனி, நான் போகுமுன் எறும்பு வந்துவிட்டது. பின் பெட்டியைத் திறந்தால் இரண்டு மூட்டை சீமெந்து. "ரோட்டைப் பிடிச்சு ஓடட்டும் எண்டு வெச்சன்" என்றார் உரிமையாளர். 100 கிலோ! என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, எதிரே பஸ் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே தாங்கியைக் காலியாக்கிக்கொண்டு ஓடுங்கள், தண்ணீரைப் போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பலாம். சைக்கிளை வானுக்குள் போடுங்கள். கனமான சாமானை அக்சிலுக்கு நேரே, தரையோடு, கொஞ்சம் முன்தள்ளி வையுங்கள். மறுகா நிறுத்துப் பாருங்கள். ஆடத் தொடங்கினால் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேரே பிடித்து, தானாக வேகம் குறைய விடவேண்டும். வான் பிரேக்கைப் போட்டு அமுக்காதீர்கள், வேகத்தைக் கூட்டவே கூட்டாதீர்கள். ஆட்டம் நிறுத்தும் கம்பி நல்ல சாமான்தான். ஆனால் பாரத்தைச் சரிசெய்த பிறகு வாங்குகிற சாமான்.

உகனை: ட்ரெயிலர் டயரில் பூ (ரோட்டில் படும் பக்கத்து வெட்டுக்கள்) அப்படியே இருக்கிறது, ஓடியதும் குறைவு. 2012இல் வாங்கியது. போதுமா?

பூவைப் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 1412 என்றால் 2012ஆம் ஆண்டின் 14ஆவது கிழமை செய்தது. ட்ரெயிலர் டயர் தேய்ந்து சாவதில்லை, வெயிலில் நின்று சாகிறது. 6 வருடம் கடந்தால் கழற்றுங்கள். உங்களுடையதை இரண்டு தரம் கழற்றியிருக்க வேண்டும்.

காத்தான்குடி: தேநீர்க்கடை ட்ரெயிலர் ஒன்றுக்கு நானே பைபர் அடிக்கிறேன். கார்த்திகை மழைக்குள் ரெசின் இறுகவில்லை, கையில் ஒட்டுகிறது. ஹார்ட்னரை இரண்டு மடங்காக்கினேன், புகை வந்தது.

புகை வந்ததோடு விட்டதே. முதலில் ஒட்டுகிறதா, இறுகவில்லையா என்று பிரித்துப் பாருங்கள். நகத்தால் அழுத்துங்கள். அடியில் கல்லுப் போல இருந்து மேலே மட்டும் பிசுபிசுத்தால் ரெசின் சரியாகத்தான் இருக்கிறது, காற்றுப் படும் முகம் அப்படித்தான் நிற்கும். கடைசிப் பூச்சு ரெசினில் மெழுகுக் கரைசல் கலந்தால் அது போய்விடும். நகம் உள்ளே இறங்கினால்தான் பிழை. மெட் (ரெசினில் நனைக்கும் கண்ணாடி நார் விரிப்பு) ஈரம் குடித்திருக்கும். பொலித்தீனில் சுற்றி, ஒரு குண்டு பல்பு எரிகிற பெட்டிக்குள் மெட்டை வையுங்கள். மழை இருட்டில் வேலை தொடங்காதீர்கள். ஹார்ட்னர் ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி, அதற்குமேல் போனால் சூட்டில் வெடித்து நொறுங்கும் பைபர்தான் கிடைக்கும்.

கோபால்ட் (ரெசினைக் கெதியாக இறுகவைக்கும் திரவம்) தனியாக வாங்கிக் கலப்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், இந்த முறையும் சொல்கிறேன்: கோபால்டையும் ஹார்ட்னரையும் நேருக்கு நேர் கலக்கக் கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்டை ரெசினில் முழுக்கக் கலக்கி முடித்த பிறகுதான் ஹார்ட்னர் போத்தலைத் திறக்கவேண்டும். இரண்டு போத்தலையும் ஒரே தட்டில் வைப்பதே பிழை.

கடை என்றபடியால் இன்னொன்று. காஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். தரையோடு ஒரு காற்றுத்துளை விடுங்கள். 12.5 கிலோ சிலிண்டர் நிமிர்ந்து, வெளியே, மூக்குப் பக்கம் நிற்கட்டும். முன்பாரத்துக்கும் உதவும்.

ரொறன்ரோ (ஊர் களுவாஞ்சிகுடி): 1970களின் போலர் ட்ரெயிலர் ஒன்று வைத்திருக்கிறேன். ஊருக்கு வரும்போது கப்பலில் கொண்டுவந்தால் என்ன?

நல்ல சாமான் வைத்திருக்கிறீர்கள். 1968இல் வின்னிபெக்கில் செய்யத் தொடங்கிய கூடு. இரண்டு ஓடுகளை முட்டை மாதிரி இடுப்பில் பொருத்தியது, 430 கிலோதான். பைபர் உங்கள் பேரப்பிள்ளைக்கும் வரும். ஆனால் கீழே இருக்கிற இரும்பு வராது. அந்தப் பழைய சட்டங்களில் முன்கம்பி சேரும் இடத்தில் வெடிப்பு வரும், பெயின்ற்றைச் சுரண்டிப் பாருங்கள். அக்சிலுக்குள் இருக்கும் ரப்பரும் இந்த வயதுக்கு மரமாகியிருக்கும்.

கொண்டுவரச் சொல்லமாட்டேன். சுங்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். அங்கே வலப்பக்கம் ஓடுகிற நாடு, ஆகவே கதவு வலப்பக்கம். இங்கே நிறுத்தினால் உங்கள் பிள்ளை கதவைத் திறந்து நேரே லொறிக்கு முன்னால் இறங்கும். கதவை மாற்றுவது என்றால் விலாவை வெட்டி, உள்ளே கட்டில் அடுப்பு எல்லாம் புரட்டிப் போடும் வேலை. மின்சாரமும் 120 வோல்ட், இங்கே 230. அங்கே பிரேக் லைட்டும் சிக்னலும் பெரும்பாலும் ஒரே வயரில் ஓடும், இங்குள்ள யப்பான் வான்களில் வேறுவேறு. அங்கேயே வைத்து ஓட்டுங்கள், ஊரில் ஒன்று புதிதாகச் செய்யலாம்.

களுவாஞ்சிகுடி: கொக்கி மேடுபள்ளத்தில் டக் டக் என்று அடிக்கிறது. வான் பக்கத்து இரும்பு உருண்டை (போல்) 50 மில்லிமீற்றர், அதை மூடும் ட்ரெயிலர் கப்பில் 2 இஞ்சி என்று இருக்கிறது. கிட்டத்தட்ட ஒன்றுதானே?

2 இஞ்சி 50.8 மில்லி. இறுக்கிச் சரிக்கட்டுவார்கள். ஆனால் பழைய 1⅞ இஞ்சிப் போல் ஒன்றும் சந்தையில் திரிகிறது, அது 47.6. உங்களுடையது தேய்ந்து அந்த அளவுக்கு வந்திருந்தால் மேட்டில் கழன்றுவிடும். அளக்கும் கலிப்பரால் அளந்துவிட்டு எழுதுங்கள். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கொக்கிக்குக் கீழே குறுக்காகப் போட்டிருக்கிறீர்களா? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லை.

ஆரையம்பதி: ஜன்னல் ஓரத்தால் ஒழுகுகிறது. மூன்று தரம் சிலிக்கோன் பூசிவிட்டேன்.

நாலாம் தரம் பூசாதீர்கள். சிலிக்கோன் பட்ட இடத்தில் பிறகு பெயின்ற்றும் பிடிக்காது, ஜெல்கோட்டும் (பைபரின் மினுக்க மேற்பூச்சு) பிடிக்காது, இன்னொரு சிலிக்கோன்கூடப் பிடிக்காது. ஜன்னலை முழுதாகக் கழற்றி, பழையதைப் பிளேடால் சுரண்டி, பியூட்டைல் பட்டி (ஒட்டும் ரப்பர் நாடா) வைத்துத் திரும்பப் பொருத்துங்கள். தண்ணீர் ஜன்னலால் வருகிறது என்று எப்படித் தெரியும்? கூரையில் ஏதாவது ஆணித்துளையால் இறங்கி ஓடி வந்து ஜன்னலில் சொட்டும். கழற்றுமுன் ஒருவர் உள்ளே டோர்ச்சோடு இருக்க, மற்றவர் கீழிருந்து மேலாக ஓஸ் பிடிக்கட்டும்.

வெடிப்பின்மேல் பட்டி அப்பி மறைப்பவர்களும் இதே கூட்டம்தான். சுனாமிக்குப் பிறகு தானமாக வந்த பைபர் வள்ளங்கள் சிலவற்றை எங்கள் பட்டறையில் கிழித்துப் பார்த்திருக்கிறோம். மேலே கண்ணாடி மாதிரி மினுக்கம், உள்ளே ரெசின் குடிக்காத வெள்ளை மெட். நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். "டிங்" என்றால் நல்லது, "டொக்" என்றால் அடுக்குப் பிரிந்திருக்கிறது, அங்கே கிரைண்டர் வைக்கவேண்டும்.

வாழைச்சேனை: வள்ளம் ஏற்றும் ட்ரெயிலர். வருடத்துக்கு இரண்டு பேரிங் போகிறது.

ஓடி வந்த சூட்டோடு தண்ணீருக்குள் இறக்குகிறீர்கள். சூடான ஹப் சட்டென்று குளிரும்போது உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி உப்புத்தண்ணீரை உறிஞ்சி எடுக்கும். அரை மணித்தியாலம் நிழலில் விட்டு, கை வைத்துப் பார்த்து இறக்குங்கள். வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரால் கழுவுங்கள். தண்ணீருக்கு நிற்கும் கிறீஸ் போடுங்கள்.

திருக்கோவில்: சாதாரண லைசன்ஸ் போதுமா?

பி வகுப்பில் குறிப்பிட்ட எடை வரையான ட்ரெயிலர்தான் இழுக்கலாம். அதற்குமேல் என்றால் அது போதாது. ட்ரெயிலருக்கும் தனியாகப் பதிவு வேண்டும், வான் இலக்கத்தைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டால் சரி என்று யாரோ சொன்னதை நம்ப வேண்டாம்.

ஏறாவூர்: 600 கிலோ ட்ரெயிலர், பிரேக் இல்லை. பதுளைப் பக்கம் போகலாமா?

பிபிலை வரை போங்கள், கவலை இல்லை. அதற்குமேல் ஏறுவது வான் பாடு, இறங்குவது உங்கள் பாடு. ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே வந்தால் பாதி வழியில் மணக்கும், மறுகா பிடிக்காது. மஹியங்கனையிலிருந்து கண்டிக்கு ஏறும் பதினெட்டு வளைவில் பிரேக் இல்லாத ட்ரெயிலரோடு நானே இறங்கமாட்டேன். தள்ளு பிரேக் (ட்ரெயிலர் வானைத் தள்ளும்போது தானாகப் பிடிப்பது) ஒன்று போட்டுவிட்டுப் போங்கள். முன்பாரம் பார்த்தீர்களா?

பொத்துவில்: பகலில் உள்ளே இருக்க முடியாத சூடு. தென்னைக்குக் கீழே நிறுத்தினால் குறையுமா?

சூடு குறையும். தேங்காய் விழும். ஜெல்கோட்டில் நட்சத்திரம் மாதிரி வெடிப்போடு போன மாதம் பட்டறைக்கு வந்த கூடு உங்களுடையது இல்லை என்றால், பக்கத்து வீட்டுக்காரருடையது. கூரைக்கு வெள்ளை அடித்து, மேலே ஒரு காற்றாடி வைத்து, வேம்புக்குக் கீழே நிறுத்துங்கள்.