கேள்வி – பதில்: ஆய்வு நிதி யாருடைய பெயரில் வருகிறது?

கேள்வி: என் மகள் கொழும்பில் விஞ்ஞான பீடத்தில் படிக்கிறாள். அவளுடைய வகுப்பில் பெண்பிள்ளைகளே அதிகம். அப்படியிருக்க, விஞ்ஞானத்தில் பெண்கள் பின்தங்கியிருக்கிறார்கள் என்று ஏன் சொல்லப்படுகிறது?
– ஒரு தந்தை, கொட்டாஞ்சேனை

பதில்: நீங்கள் காண்பது உண்மைதான். உலகளவில் ஆய்வாளர்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே பெண்கள் என்று யுனெஸ்கோ கணக்கிடுகிறது. இலங்கையில் அந்தப் பங்கு பாதியை நெருங்குகிறது. ஆனால் ஆய்வுகூடத்தில் எத்தனை பெண்கள் வேலை செய்கிறார்கள் என்பதும், அந்த ஆய்வுகூடத்துக்கான பணம் யாருடைய பெயரில் வருகிறது என்பதும் வேறுவேறு கேள்விகள். நிதி கிடைக்காத விரிவுரையாளருக்குக் கருவி இல்லை, பட்டமேற்படிப்பு மாணவர் இல்லை, அதனால் கட்டுரைகளும் குறைவு. அரச பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் பதவிக்கு ஆய்வுக்கும் புள்ளிகள் எண்ணப்படுவதால், தொடக்கத்தில் தவறிய ஒரு நிதிக்கொடை பல ஆண்டுகளுக்குப் பின் பதவி உயர்விலும் தெரியவரும். ஆய்வுக்காக நாடு செலவிடுவதோ மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதம் மட்டுமே.

கேள்வி: நான் ஒரு விரிவுரையாளர். ஆய்வு நிதிக்கு அனுப்பிய என் விண்ணப்பம் “விண்ணப்பதாரரின் அனுபவம் போதாது” என்ற ஒரே குறிப்புடன் மறுக்கப்பட்டது. திட்டத்தில் எந்தக் குறையும் சுட்டப்படவில்லை. என்னோடு ஒரே காலத்தில் பணியில் சேர்ந்த ஆண் விரிவுரையாளருக்கு நிதி கிடைத்தது. இதைப் பாரபட்சம் என்று கருதலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஒரேயொரு முடிவை வைத்து அப்படிச் சொல்ல இயலாது, உங்கள் சக விரிவுரையாளரின் திட்டம் உண்மையிலேயே சிறந்ததாக இருந்திருக்கலாம். ஆயினும் உங்களுக்குத் தரப்பட்ட காரணம் கவனிக்க வேண்டிய ஒன்று, ஏனெனில் அது திட்டத்தை விட்டுவிட்டு ஆளை மதிப்பிடுகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கனடாவில் அளந்து பார்க்கப்பட்டுள்ளது. அந்நாட்டின் சுகாதார ஆய்வு நிதி நிறுவனம் 2014இல் தன் நிதித்திட்டத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் முன்வைக்கப்படும் ஆய்வையும், மற்றதில் ஆய்வாளரின் தகைமையையும் முதன்மையாக மதிப்பிட்டது. 2011 முதல் 2016 வரையான சுமார் 24,000 விண்ணப்பங்களை ஆராய்ந்து 2019இல் லான்செட் இதழில் வெளியான கட்டுரையின்படி, வயதையும் துறையையும் கணக்கிலெடுத்த பின்னர், ஆய்வை மதிப்பிட்ட திட்டத்தில் ஆண்களின் வெற்றிவாய்ப்பு 0.9 சதவீதப் புள்ளியே கூடுதலாக இருந்தது. ஆளை மதிப்பிட்ட திட்டத்தில் அது 4 புள்ளிகளாக விரிந்தது. மொத்த விண்ணப்பங்களில் 15.8 சதவீதமே வெற்றி பெற்ற போட்டியில் 4 புள்ளிகள் என்பது சிறிய இடைவெளி அன்று.

இதற்கு முன்பே, 1997இல், கிறிஸ்டீன் வென்னெரோஸ், ஆக்னஸ் வோல்ட் என்னும் இரு சுவீடன் ஆய்வாளர்கள், தம் நாட்டு மருத்துவ ஆய்வுப் பேரவையின் மதிப்பீட்டுத் தாள்களை நீதிமன்றத் தீர்ப்பின் மூலம் பெற்று, நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆணுக்குக் கிடைத்த அதே தகைமைப் புள்ளியைப் பெற ஒரு பெண் ஏறத்தாழ 2.5 மடங்கு ஆய்வுச் சாதனை காட்ட வேண்டியிருந்தது. அதிகம் பேசப்படாத இன்னொரு முடிவும் அதில் உண்டு: மதிப்பீட்டுக் குழுவில் ஒருவரோடு தொடர்பு இருந்தவர்களுக்குக் கிடைத்த கூடுதல் புள்ளி, ஆணாக இருந்ததால் கிடைத்த கூடுதல் புள்ளிக்கு ஏறக்குறையச் சமமாக இருந்தது. ஒரு துறையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்திருக்கும் நம்மைப் போன்ற சிறிய நாட்டில், எனக்கு அதிகம் கவலை தருவது இந்த இரண்டாவது முடிவுதான்.

சுவீடன் ஆய்வாளர்கள் நீதிமன்றத்தின் மூலம் பெற்ற விவரங்களின் ஒரு பகுதியை நீங்கள் ஒரு கடிதத்தால் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அரச நிதி நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம், கடந்த சில ஆண்டுகளில் விண்ணப்பித்த ஆண்கள், பெண்கள் எத்தனை பேர், நிதி பெற்றவர்கள் எத்தனை பேர், வழங்கப்பட்ட தொகை எவ்வளவு, புள்ளியிடும் அளவுகோல்கள் யாவை என்று எழுதிக் கேளுங்கள். 14 வேலைநாட்களுக்குள் அவர் முடிவைத் தெரிவிக்க வேண்டும். பிறருடைய மதிப்பீட்டுத் தாளைக் கேட்டால் அந்தரங்கத்தைக் காட்டி மறுக்கக்கூடும். மொத்த எண்ணிக்கைகளுக்கு அந்தத் தடை இல்லை. தொகையைக் கேட்க மறவாதீர்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்கள் 2006 முதல் 2017 வரை முதன்முறை நிதி பெற்றோருக்கு வழங்கியதில், பெண்களின் இடைநிலைத் தொகை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 1,26,615 டொலர். ஆண்களுடையது 1,65,721 டொலர்.

கேள்வி: குழந்தை பெற்ற பெண் ஆய்வாளர்களுக்கு விண்ணப்பக் கால எல்லையை நீட்டுவது ஆண்களுக்குச் செய்யும் அநீதி ஆகாதா?
– வாசகர், தெஹிவளை

பதில்: ஆகாது என்பதே என் கருத்து. கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்திய இத்தனை ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதி, அந்த ஆண்டுகள் முழுவதும் எல்லோரும் ஆய்வு செய்திருப்பார்கள் என்று எடுத்துக்கொள்கிறது. ஐரோப்பிய ஆய்வுப் பேரவை இளம் ஆய்வாளர்களுக்கான நிதிக்கொடையில் தாய்மாருக்குக் குழந்தை ஒன்றுக்கு 18 மாதங்கள் நீட்டிப்புத் தருகிறது. தந்தையருக்கும் அவர்கள் உண்மையில் எடுத்த விடுமுறைக்கு ஏற்ப நீட்டிப்பு உண்டு. நமது அரச சேவையில் முழுச் சம்பளத்துடனான மகப்பேற்று விடுமுறை 84 வேலைநாட்கள். விண்ணப்பப் படிவத்தில் அந்த நாட்களைக் குறிப்பிட ஒரு கூடு இருந்தாலே, மதிப்பிடுபவர் கட்டுரைகள் குறைந்த ஓர் ஆண்டைத் திறமைக் குறைவென்று எடுத்துக்கொள்ள மாட்டார்.