பி0171 வந்தால் ஆக்சிஜன் சென்சாரை மாற்ற வேண்டுமா?

பழைய காரின் கணினி பி0171, பி0302 என்ற இரு பழுதுக் குறியீடுகளைக் காட்டுகிறது. நிற்கும்போது என்ஜின் குலுங்குகிறது. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் சென்சாரை மாற்றலாமா என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்கு மாற்றாதீர்கள். பி0171 என்றால் எரிபொருளுக்குத் தேவையானதைவிடக் காற்றின் பங்கு அதிகம் என்று பொருள். அதை அந்தச் சென்சார் சரியாகவே சொல்லிக்கொண்டிருக்கலாம்.

குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரில் ‘ஃபியூயல் டிரிம்’ அளவைப் பாருங்கள்; காரின் கணினி எரிபொருளை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதே அது. வண்டி நின்றபடி ஓடும்போது 20 சதவீதத்தைத் தாண்டி, நிமிடத்துக்கு 2500 சுழற்சியில் இயல்புக்கு இறங்கினால், எங்கோ வெளிக்காற்று உள்ளே நுழைகிறது. ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பாருங்கள்; மடிப்பின் அடியில் இருக்கும் வெடிப்பு சும்மா பார்த்தால் தெரியாது. இந்தப் பொறுமை பல வீண் செலவுகளைத் தவிர்க்கும். மாறாக, வேகத்தில் அளவு ஏறினால் பெட்ரோல் பம்ப்பையும் ஃபில்டரையும் சந்தேகிக்கலாம்.

பி0302 என்பது இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பது. சிலிண்டருக்கு ஒரு காயில் (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் பாகம்) உள்ள வண்டியானால், இரண்டாவதன் காயிலை மூன்றாவதன் காயிலோடு இடம் மாற்றுங்கள். குறியீடு பி0303 ஆனால் குற்றவாளி காயில்தான். மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக்கையும், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும் பாருங்கள்.

என்ஜின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் மட்டும் ஓட்டவே கூடாது: எரியாத பெட்ரோல் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றியைச் சூடாக்கிக் கெடுத்துவிடும்.