பதில்: இரண்டாவது ஆல்பத்தில் மிருதங்கம் ஒட்டவில்லை

முதல் ஆல்பம் முழுக்க கிட்டாரும் டிரம்ஸும். இப்போது மிருதங்கம் சேர்த்ததும் சுருதி விலகுகிறது, அடி ஒலிகள் (பேஸ்) ஒன்றோடொன்று குழம்புகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். இவை இரண்டு தனிப் பிரச்சினைகள்.

முதலில் சுருதி. மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையை ஒரு சுருதிக்குச் சேர்த்துத்தான் வாசிப்பார்கள். உங்கள் பாட்டுகள் பாதி டி (D) சுருதியில், பாதி ஈ (E) சுருதியில். அதாவது நம் கணக்கில் 2 கட்டை, 3 கட்டை. ஒரே மிருதங்கத்தை இரண்டுக்கும் இழுத்தால் ஏதாவது ஒன்றில் நாதம் செத்துவிடும். சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகமான சிஃபாஸில் படிப்பவர் யாரையாவது கேட்டு இன்னொன்று இரவல் வாங்குங்கள். இல்லை, பாடகர் ஒத்துக்கொண்டால் எல்லாவற்றையும் டி-க்கு இறக்குங்கள். அப்புறம் நம் ஊர் ஈரப்பதம்! வெளியே தளர்ந்திருந்த தோல், ஸ்டூடியோ ஏர்கானில் காய்ந்து சுருதி ஏறும். வாத்தியத்தை முன்கூட்டியே உள்ளே வைத்துவிட்டு, ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் சுருதிப் பெட்டியோடு சரிபாருங்கள்.

குழப்பத்துக்குக் காரணம் தொப்பி, அதாவது மிருதங்கத்தின் இடது பக்கம். அதுவும் கிக் டிரம்மும் பேஸ் கிட்டாரும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்கின்றன. ஈக்யூவை (கீழ், மேல் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) தொடும் முன் டிரம்மரிடம் பேசுங்கள்: மிருதங்கம் வரும் இடங்களில் கிக்கைப் பாதியாகக் குறைக்கட்டும். இரண்டு தலைக்கும் தனித்தனி மைக் வையுங்கள், பிறகு மிக்ஸில் தொப்பியை மட்டும் குறைக்கலாம்.

எல்லாப் பாட்டிலும் மிருதங்கம் தேவையா என்பது வேறு கேள்வி. பீட்டில்ஸ் 1965 டிசம்பரில் வெளியிட்ட ஆல்பத்தில் சிதார் ஒரே ஒரு பாட்டில்தான் வரும். நானாக இருந்தால் டி பாட்டுகளில் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவேன்.